கண்டியைவிடக் கிட்ட

எஹலியகொடைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் முத்துவீரன் ஒரு மலைப்பாம்பைக் கண்டாரென்றால், அவர் லயத்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது முப்பது அடி வளர்ந்துவிடும். எதையும் நீட்டியே பழகிய அந்த வாய் ஒரே ஒரு தடவைதான் ஒரு விஷயத்தைச் சுருக்கிச் சொன்னது. அதுவே வினையாகப் போயிற்று.

தொண்ணூற்று மூன்றில் மகள் சுமித்ரா வீட்டு வேலைக்குக் குவைத் புறப்பட்டபோது, அவர் மனைவி மருதாயி இரண்டு நாள் உலை வைக்கவில்லை. முத்துவீரன் டிக்கெட்டை விரித்துக் காட்டினார். கொழும்பில் ஏறுவது ஏழு மணி, அங்கே இறங்குவது ஒன்பதரை. ஆக இரண்டரை மணித்தியாலம். கண்டிக்குப் பஸ்ஸில் போகவே அதைவிட அதிகம் பிடிக்கும். கண்டியைவிடக் கிட்ட இருக்கிற ஊருக்கு எதற்கு அழுகை என்றார். குவைத்துக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தி ஓடுகிறது என்று ஏஜென்சிக்காரர் சொல்லி அவருக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. மருதாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிசி களைந்தாள்.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு, கண்டியில் வாழ்க்கைப்பட்டிருந்த பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த பழனியாண்டியின் மகள் பலகாரத்தோடு வந்து இறங்கினாள். சுமித்ரா வரவில்லை. மருதாயியின் முகம் இறுகிவிட்டது. இரண்டரை மணித்தியாலத்தில் இருந்துகொண்டு ஒரு எட்டு வந்து போகாதவளோடு என்ன பேச்சு என்று, மாதத்தின் முதல் ஞாயிறு டவுனில் றஊப் நானாவின் கடைக்கு வரும் மகளின் டெலிபோனுக்குப் போக மறுத்தாள். இரண்டு மாதம் முத்துவீரன் தனியாகப் போனார். இரண்டாவது மாதம், அம்மா எங்கே என்று மகள் கேட்கவில்லை. அழுதாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் உண்மையைச் சொன்னார். ஐந்து மணித்தியாலப் பறப்பு, நாலாயிரம் கிலோமீட்டர், நடுவில் கடல், இரண்டு வருஷ ஒப்பந்தம், பாஸ்போர்ட் வீட்டுக்கார மேடத்தின் கையில். விவரம் தெரிந்த நாளிலிருந்து இத்தனை உண்மையை அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை.

மருதாயி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. “மகளுக்காக இப்பிடியுமா புளுகுவீங்க?” என்றாள்.

முத்துவீரன் ஒரு வாய் வெற்றிலை போட்டார். பிறகு, போவதற்கு இரண்டரைதான் என்று ஒத்துக்கொண்டார். குவைத் பள்ளத்தில் கிடக்கிறது, பிளேனைச் சும்மா விட்டாலே உருண்டு போய்ச் சேர்ந்துவிடும். வருவதுதான் ஏற்றம். இரவு பத்துக்குக் கிளம்பினால் விடிய ஐந்தரைக்குத்தான் கட்டுநாயக்கா ஏர்போர்ட். ரம்புக்கனை ஏற்றத்தில் கண்டி ரயிலுக்குப் பின்னால் இன்னொரு இன்ஜின் பூட்டித் தள்ளுகிற மாதிரி ஆகாயத்திலும் தள்ள வேண்டும். அந்த நாட்டில் இருப்பதோ ஒரே ஒரு இன்ஜின். வரிசையில் ஒவ்வொருத்தர் முறையும் வர இரண்டு வருஷமாகும்.

மருதாயியின் கை நின்றது. ரம்புக்கனை ஏற்றத்தில் ரயில் மூச்சு வாங்குவதை அவள் கண்ணால் பார்த்தவள்.

அடுத்த மாதம் ரிசீவரை அவள்தான் எடுத்தாள். “ஏத்தம்னு அப்பா இப்பத்தான் சொன்னாரு, புள்ள. நான் என்னமோ நெனச்சிட்டேன். அவசரப்படாத. ஒன் மொற வர்றப்ப வா.”

முத்துவீரன் ரிசீவரோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றார்.

“ஆமாம்மா,” என்றாள் சுமித்ரா. “ரொம்ப ஏத்தம்.”

மருதாயி, அங்கே என்ன அரிசி, யார் சமைக்கிறது என்று கேட்க ஆரம்பித்தாள்.