கோபுரத்துக்கு வெளியே ஒரு படிக்கட்டு

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. என் அண்ணி வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். ஒரு நாள் அண்ணன் கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டைப் போட்டு, எங்கள் ஊர் விமான நிலையத்தில் இறங்கிக் காட்டினான். ஓடுபாதை இருந்தது, கட்டுப்பாட்டுக் கோபுரமும் இருந்தது.

"படிக்கட்டு எங்கங்க?" என்றார் அண்ணி.

கோபுரத்துக்கு வெளியே ஏறும் அந்த இரும்புப் படிக்கட்டு முழுக்க அவர் பற்றவைத்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தீப்பொறிகளின் நடுவே பிறந்தவள் அவள், வானம் அவளுக்கு…'

அண்ணி படித்துவிட்டு, "தீப்பொறி நடுவுல எவ பொறப்பா? நான் ஆஸ்பத்திரிலதான் பொறந்தேன்," என்றார். விட்டுவிட்டேன்.

அந்த விளையாட்டில் வேலி, விளக்குக் கம்பம் என்று யார் வேண்டுமானாலும் பொருள்களைச் செய்து அனுப்பலாம். சரிபார்ப்பவர்கள் ஒப்புக்கொண்டால் ஓட்டுகிற எல்லாருக்கும் அவை தெரியும். அண்ணி மவுஸ் பிடிப்பதிலிருந்து பழகி, ஒவ்வொரு படியாக வரைந்தார். அறுபத்தெட்டுப் படிகள். நான்கு மாதம்.

(வாசகர் இதை நம்புவாரா? அண்ணியிடமே கேட்டேன். "நெஜப் படிக்கு ஏழு மாசம் ஆச்சு. இது சீக்கிரம்.")

3

அனுப்பியது திரும்பி வந்தது. 'வான்படத்தில் படிக்கட்டு தெரியவில்லை.* மூன்றாவது திருப்பமும் கோணலாக இருக்கிறது. திருத்தவும்.'

"கோணலா? செவரு அங்க ரெண்டு விரக்கடை பிதுங்கியிருந்துச்சு. ஏறுறவங்க இடிச்சுக்கக் கூடாதுன்னு நான்தான் தள்ளிப் போட்டேன்."

"நேராக்கி அனுப்பேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் அண்ணன்.

"எனக்குத் தெரியும்ல?"

அங்கே புகைப்படம் எடுக்க அனுமதியில்லை. ஆதாரத்துக்கு எங்கே போவது? விளையாடுகிறவர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் அண்ணி தான் வரைந்த படத்தைப் போட்டு, 'இதில் ஏறியவர் யாராவது உண்டா?' என்று கேட்டார்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. 'அந்தக் கோபுரத்தில்தான் வேலை பார்க்கிறேன். படம் அச்சு அசல். மழையில் ஓடி ஏறினாலும் மூன்றாவது திருப்பத்தில் தோள் இடித்ததில்லை. யார் போட்டதோ, நல்ல கை.'

அண்ணி அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு விரலால் தட்டினார்: 'என் கை.'

அந்த வாரமே படிக்கட்டை ஏற்றுக்கொண்டார்கள்.

* மேலிருந்து எடுத்த படத்தில் கோபுரத்தின் அகன்ற தலை படிக்கட்டை மறைக்கிறது. நானே பிறகுதான் புரிந்துகொண்டேன்.

4

முடிவுதான் இழுக்கிறது. கோபுரத்துக்காரர், 'அனுமதி வாங்கித் தருகிறேன், மேலே வாருங்கள்' என்று அழைத்திருக்கிறார். உச்சியிலுள்ள கண்ணாடி அறைக்குள் அண்ணி போனதேயில்லை.

ஒரு முடிவில் அவர் அங்கே நின்று விமானம் இறங்குவதைப் பார்க்கிறார். இன்னொன்றில், 'என் வேலை வெளிய முடிஞ்சுது' என்று மறுத்துவிடுகிறார். இரண்டையும் வாசித்துக் காட்டினேன்.

"நான் போகவே இல்ல, அதுக்குள்ள என்னை ஏத்தி எறக்கிட்டியா? வியாழக்கெழம வரச் சொல்லியிருக்காங்க. போறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்."

இன்று செவ்வாய். கதையை இன்றே அனுப்பியாக வேண்டும். நீங்கள் படிக்கும்போது வியாழன் தாண்டியிருக்கும். உங்களுக்குப் பட்டபடி முடித்துக்கொள்ளுங்கள். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

கூடத்தில் ஒரு புதுச் செருப்பு டப்பா இருக்கிறது. எதற்கென்று நான் கேட்கவில்லை.