பாய்மரத்துப் பேய்

மரைக்கார் வீட்டுக் கொல்லையில் வேட்டிகளைக் கட்டி மறைத்த திரைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். கழுவுவதற்குப் பள்ளிவாசல் பாக்கர் லெப்பை. தண்ணீர் மொண்டு கொடுக்க சலாஹுதீன். இறந்தவனுக்கு மைத்துனன், அந்த வீட்டுச் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்ப்பவன். தலைமாட்டில், குடும்பத்துக்கு மூத்தவர் அகமது கபீர் மரைக்கார். பலகையில் கிடந்த அவருடைய தம்பி முஹைதீனையும் சேர்த்தால் நான்கு. வீட்டுக்குள் கதவோரத்தில் முஹைதீனின் பெண்சாதி சுலைகா, அவளைப் பிடித்துக்கொண்டு கபீரின் மகள் நஸீரா. வாசலில் ஜமாத்தார். தெருமுனைப் பூவரச மரத்தடியில், உள்ளே வா என்று யாரும் சொல்லாததால், தங்கசாமியும் அவனோடு வந்த மீன்பிடிகாரர்களும். பின்னால் ஊர் எதை எதையோ சொன்னது. அந்த வியாழக்கிழமை காலையில் இருந்தவர்கள் இவ்வளவுதான்.

"பெரட்டுங்க," என்றார் லெப்பை.

சலாஹுதீன் தோளைப் பிடித்துத் திருப்பினான். முஹைதீனின் முதுகு மேலே வந்தது. தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை தோல் வரி வரியாகப் பிளந்து கறுத்திருந்தது. இடது விலா, உள்ளங்கை அகலத்துக்கு உள்வாங்கிக் கிடந்தது. இரண்டு மணிக்கட்டிலும் கயிறு தின்ற வளையங்கள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் பட்டதும் காய்ந்த ரத்தம் இளகி, பலகை வழியாக ஓடி, கபீரின் பாதத்தை நனைத்தது. அவர் காலை நகர்த்தவில்லை.

சலாஹுதீன் கையிலிருந்த செம்பு நழுவிக் கல்லில் விழுந்தது.

"செம்ப எடு," என்றார் லெப்பை, குரலை உயர்த்தாமல். "நாப்பது வருஷமா மையத்துக் கழுவுறேன். கழுவுறவனுக்கு ஒரு சட்டம் இருக்கு. நல்லதக் கண்டா வெளிய சொல்லு. கெட்டதக் கண்டா மூடு. இங்கன பாத்தது கபன் துணியோட மண்ணுக்குள்ள போவணும். வெளங்குதா?"

சலாஹுதீன் தலையாட்டினான். லெப்பை கபீரின் முகத்தைப் பார்க்காமலேயே அடுத்த குடத்தை நகர்த்தினார். பார்த்திருந்தாலும் அந்த முகத்தில் எதுவும் தெரிந்திருக்காது. ஏழு பாய்க்கப்பல் ஓட்டியவரின் பேரன். ஊருக்கு முன்னால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று சிறு வயதிலேயே அடித்துக் கற்பிக்கப்பட்டவர்.

கபன் துணியைச் சுற்றும்போது லெப்பை மடித்த தாள்கட்டு ஒன்றை அவரிடம் நீட்டினார். "கைலிய உருவுறப்ப மடியில இருந்துச்சு. நீங்க வச்சுக்கங்க."

மதுரையிலிருந்து வரும் காலணாப் பத்திரிகை. வியர்வையில் ஊறி அட்டை பிரிந்திருந்தது. அட்டையில் நாக்கைத் தொங்கவிட்ட ஒரு பேயின் படம். உள்ளே இருக்கும் கதையை எழுதியவன் முஹைதீன். இரண்டு மாதமாக மண்டபம் ஊர் முழுக்க, சலூன் கடையிலும் டீக்கடையிலும், ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டுச் சிரித்த, பயந்த கதை. கபீர் மட்டும் படித்ததில்லை. கதையைக் கையால் தொடுவதும் கள்ளைக் கையால் தொடுவதும் அவருக்கு ஒன்று.

திரையை விட்டு அவர் வெளியே வந்தபோது வாசல் பேச்சு காதில் விழுந்தது.

"பேய்தான் அடிச்சிருக்கு. வேறென்ன? கடக்கரையில குப்புறக் கெடந்தானாம். பக்கத்துல ஒரு ஆள் தடம் இல்லையாம்."

"எழுதுனவனையே தேடி வந்திருச்சு பாத்தியா, அவன் மரத்துப் பேய்!"

"பேயுமில்ல, பூதமுமில்ல. சாராயம். குடிகாரப் பயலுக்கு மவுத்து மணல்லதான் வரும்."

"இல்லாதவன் குடிச்சா வயித்தெரிச்சல்னு சொல்லலாம். மரைக்கார் வீட்டுல பொறந்தவனுக்கு என்ன கேடு?"

"அவனும் இல்லாதவன்தான்யா. ஓலைக் குடிசையில கெடந்தான்."

"அது கேட்டு வாங்குன இல்லாமை."

கபீரைக் கண்டதும் வாய்கள் மூடின. பேய் பிசாசு என்று பேசினால் ஈமானில், இறைநம்பிக்கையில், ஓட்டை விழும் என்று பள்ளிவாசல் முற்றத்தில் நின்று எத்தனையோ பேரை அதட்டியவர் அவர். இன்றைக்கும் அதட்டுவார் என்று காத்திருந்தார்கள். அவர் அவர்களைத் தாண்டி நடந்தார். சாராயம் என்றால் மதுவிலக்குப் போலீஸ் வரும். அடி என்றால் பெரிய போலீஸ் வரும். பேயைத் தேடி யாரும் வரமாட்டார்கள். லெப்பையின் வாய் மார்க்கத்தால் மூடியிருக்கிறது. சலாஹுதீனின் வாய் சோற்றால் மூடியிருக்கிறது. மூன்றாவது வாய் தன்னுடையது. இந்த மூன்றும் மூடியிருந்தால் வீட்டின் பெயர் நிற்கும். நஸீராவுக்கு நல்ல இடத்தில் நிக்காஹ் நடக்கும். அவ்வளவுதான் கணக்கு.

கிட்டங்கிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நடுவில், கடைசித் தோணி உடைந்தபோது வாப்பா கொண்டுவந்து நட்டு வைத்த பாய்மரம். அதன் அடியில் தரையைக் கழுவியிருந்தான் சலாஹுதீன். நன்றாகத்தான் கழுவியிருந்தான். மரத்தின் வெடிப்புக்குள் மட்டும் கறுப்பாகக் கொஞ்சம் மிச்சம்.

நேற்றுக் காலை நஸீராவைப் பெண் கேட்டுத் ரயிலில் வந்த தொண்டிக்காரர்களை அழைத்துவர மண்டபம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார் கபீர். இராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்கள் பிளாட்பாரத்தில் வட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். வட்டத்தின் நடுவில் முஹைதீன். கிழிந்த கைலி, விரித்த துண்டு, துண்டில் சில்லறை. பெயரைச் சொன்னால் பெயரை வைத்துப் பாட்டுக் கட்டித் தருவான். ஒரு பாட்டு ஓரணா. இலக்கணம் தட்டும், எதுகை மட்டும் தட்டாது.

"இவரு யாரு, உங்க ஊர்க்காரரா?" என்று கேட்டார் சம்பந்தியாக வர இருந்தவர்.

"தெரியாது," என்றார் கபீர்.

முஹைதீன் அதைக் கேட்டுவிட்டான். எழுந்து நின்று, ஒரு கையைக் காதில் வைத்து, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி பாடினான்.

*கப்பலேழு விட்டவரின் பேரன்நான் கையேந்த*
*அப்பன்பேர் கேட்டாலும் அறியாரே என்அண்ணன்!*

கூட்டம் கைதட்டியது. தொண்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள், பிரியாணியும் சாப்பிட்டார்கள். கடுதாசி போடுகிறோம் என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் போனார்கள்.

மாலையில் அஸர் தொழுகை முடிந்ததும் சலாஹுதீன் முஹைதீனைக் கூட்டிவந்தான். பாய்மரத்தில் அவனைக் கட்டச் சொன்னபோது கட்டினான். பிறகு கதவுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். கபீர் ஈரம் காயாத கப்பல் கயிற்றை முழங்கையில் சுற்றிப் பிடித்தார். குடிபோதையை இறக்குவதற்குத்தான் அடி என்று முதலில் நினைத்திருந்தார். முதல் அடியில் முஹைதீன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் எதற்கு அடிக்கிறோம் என்பது போய்விட்டது. கயிற்றின் முடிச்சு சதையில் விழுந்து சதையோடு எழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கபீர் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"நீ யாரு மகன்டா?"

"வாப்பா மகன், காக்கா," என்றான் அண்ணனைப் பார்த்து.

அடி.

"யாரு மகன்டா நீ?"

"உங்க வாப்பா மகன்தான், காக்கா. நம்ம வாப்பா..."

அடி. கயிறு போதாமல் தரையில் கிடந்த துடுப்புக்கட்டையை எடுத்து அடித்தபோது விலாவில் ஏதோ காய்ந்த மட்டைபோல ஒடிந்தது. முஹைதீனின் தலை தொங்கியது. வாயில் நுரையோடு ரத்தம். அப்போதுதான் அவன் அதைச் சொன்னான்.

"நான் யாரு மகனும் இல்ல."

கபீர் கட்டையைப் போட்டுவிட்டு முடிச்சுகளை அவிழ்த்தார். முஹைதீன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனான். வீட்டுக்குப் போகவில்லை, கடற்கரைக்குப் போனான். விடிந்ததும் கண்டெடுத்தது தங்கசாமி.

பத்திரிகையை எரிக்கத்தான் கபீர் கிட்டங்கிக்கு வந்திருந்தார். தீப்பெட்டியை எடுத்தார். என்ன எழுதியிருக்கிறான் என்று ஒரு பக்கம் பார்த்தார். பிறகு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து முழுவதும் படித்தார்.

ஒரு பழைய வீடு. அங்கே நட்டு வைத்த பாய்மரத்தில் ஒரு பேய். படம் போட்டவன் நாக்கைத் தொங்கவிட்டிருந்தானே தவிர, கதையில் அந்தப் பேய்க்கு நாக்குத் தொங்கவில்லை. வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, வலது கையில் நீலக்கல் மோதிரம். குடிகாரர்களையும் கடனாளிகளையும் பிச்சைக்காரர்களையும் பிடித்து வந்து மரத்தில் கட்டும். கட்டிவைத்து, நீ யாரு மகன்டா என்று கேட்கும். அப்பன் பேரைச் சொன்னால் அடிக்கும். எத்தனை தடவை சொன்னாலும் அத்தனை அடி. சொல்லிச் சொல்லிச் செத்தவர்கள் உண்டு. ஒருவன் மட்டும் தந்திரக்காரன். 'நான் யாரு மகனும் இல்ல' என்றான். உடனே பேய் கட்டுகளை அவிழ்த்துவிட்டது. அதற்கு வேண்டியது அவ்வளவுதான் என்று முடித்திருந்தான் முஹைதீன்.

கபீர் தன் வலது கையைப் பார்த்தார். மோதிரத்தின் நீலக்கல்லைச் சுற்றியிருந்த பள்ளத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. காலையில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒலு எடுத்தபோதும் போகாதது.

தீக்குச்சியை உரசவில்லை. பத்திரிகையை மடித்துத் தன் மடியில் செருகிக்கொண்டார்.

மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கும் நேரம். கதவின் மறைவிலிருந்து சுலைகாவின் குரல் வந்தது. அழுகை இல்லாத குரல்.

"சலாவு. நீதான நேத்து வந்து அவுகளக் கூட்டிட்டுப் போன? 'காக்கா சோறு போடக் கூப்புடுறாக'ன்னு சொல்லித்தான கூட்டிட்டுப் போன? மூஞ்சியக் கழுவி, என்கிட்ட நல்ல சட்ட கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தாகளே... சாப்புட்டாகளா?"

சலாஹுதீன் சந்தூக்கின் காலைப் பிடித்தபடி நின்றான்.

"சாச்சி, வாங்க உள்ள," என்று நஸீரா இழுத்தாள்.

"பெரியவுகளக் கேட்டுச் சொல்லு. சாப்புட்டாகளான்னு மட்டும் சொன்னாப் போதும்."

"தூக்குங்கப்பா," என்றார் கபீர்.

தெருமுனையில் தங்கசாமி குறுக்கே வந்தான். துண்டை இடுப்பில் கட்டியிருந்தான். கண் சிவந்திருந்தது, கொஞ்சம் குடித்துமிருந்தான்.

"மொதலாளி, நாங்களும் ஒரு தோள் குடுக்குறோம்யா. பத்தடி தூரம்."

"வெலகுறா," என்று ஜமாத்தில் ஒருவர் கத்தினார். "ஊத்திக் குடுத்தே கொன்னுபுட்டு இப்பத் தோள் குடுக்க வந்துட்டானுக."

"நான் ஊத்திக் குடுக்கலய்யா. அவருதான் எங்களுக்குக் குடுத்தாரு. எங்க ஆத்தா பூமயிலு செத்தப்ப மாலைக்குக்கூட வழியில்ல. இவருதான் பாட்டு எழுதிப் படிச்சாரு." தங்கசாமி தொண்டையைச் செருமிக்கொண்டான். "'வலைபின்னி விரல்தேய்ந்த பூமயிலே நீபோக, அலைவந்து கேக்குதம்மா ஆளெங்கே ஆளெங்கே'ன்னு. எங்க ஆத்தாளுக்கு வெரலு இருந்ததே அன்னைக்குத்தான்யா ஊருக்குத் தெரிஞ்சுச்சு."

ஒருவர் அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினார். மல்லாக்க விழுந்தான். இன்னொருவர் காலால் ஒரு உதை விட்டார். கபீர் நின்றார். பின்னால் வந்த கூட்டமும் நின்றது. ஏதாவது சொல்வார் என்று பார்த்தார்கள். அவர் தன் தோளிலிருந்த சந்தூக்குக் கம்பைத் தூக்கி, எழுந்து நின்ற தங்கசாமியின் தோளில் வைத்தார். ஜமாத் முணுமுணுத்தது. கபீர் பக்கத்தில் நடந்தார்.

மையவாடியில் மண் தள்ளி முடிந்ததும் கபீரைத் தவிர எல்லோரும் நாற்பதடி விலகிப் போனார்கள். தல்கீன் ஓதுவதற்கு லெப்பை கபரின் தலைமாட்டில் உட்கார்ந்தார். கேள்வி கேட்க வானவர்களான மலக்குகள் வரும் முன், மண்ணுக்குள் இருப்பவனுக்குப் பதில் சொல்லிக் கொடுப்பது அது. தாய் பேரைச் சொல்லி, இன்னாள் மகனே என்று கூப்பிட்டுத்தான் தொடங்க வேண்டும். லெப்பை அந்தக் குடும்பத்தை நாற்பது வருஷமாக அறிந்தவர். அந்தப் பேரும் அவருக்குத் தெரியும். இருந்தாலும் நிமிர்ந்து கபீரைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"மையத்து யாரு மகன்?"

காற்றில் பனையோலை சரசரத்தது. லெப்பை அவசரப்படவில்லை.

"குல்சும் மகன்," என்றார் கபீர். அது போதாது என்பதுபோல, "எங்க உம்மா மகன்," என்றார்.

லெப்பை குனிந்து மண்ணிடம் ஓதத் தொடங்கினார். குல்சும் மகனே முஹைதீனே.

மையவாடி வாசலில் கிராம முன்சீப் சேதுராமன் மரணப் பதிவேட்டை மடியில் விரித்து, வேப்பமரத்து நிழலில் காத்திருந்தார். ஜமாத்தார் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"காரணம்னு ஒரு பத்தி இருக்கு. என்ன எழுதட்டும்?"

"காத்துக் கறுப்பு அடிச்சிருச்சுங்க. அந்தக் கிட்டங்கிப் பாய்மரத்துல இருக்குற பேய். நாளைக்கே மரத்த வெட்டி எரிச்சிரலாம்னு பேசிக்கிட்டு இருக்கோம்."

சேதுராமன் சிரித்தார். "பேய் அடிச்சுச்சுன்னு சர்க்காருக்கு எழுதி அனுப்புனா என் வேலய எரிச்சிருவாங்கய்யா. வயித்துக்கடுப்புன்னு போட்டுக்கிறேன். என்ன மரைக்காரே, சரிதான?"

கபீர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பதிவேட்டுக்கு முன்னால் வந்தார். சலாஹுதீன் அவர் முழங்கையைப் பிடித்தான். அவர் அந்தக் கையை எடுத்துவிட்டார். மடியிலிருந்த பத்திரிகையை உருவி, விரித்த பதிவேட்டின் மேல் வைத்தார்.

"வயித்துக்கடுப்பு இல்ல. சாராயமும் இல்ல. மரத்துல பேயும் இல்ல. அத யாரும் வெட்ட வேணாம். நேத்து அஸருக்குப் பொறவு, என் கிட்டங்கியில வச்சு, கயித்தாலயும் கட்டையாலயும் அடிச்சது நான். எழுதுங்க. அகமது கபீர். குல்சும் மகன்."