ஊற்றுக்கண்ணில் லீக்ஸ்

பதுளையிலிருந்து வந்த லொறி பூனாகலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நின்றபோது, தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். இறங்கியது துணி துவைக்கிற மெஷின். தோட்டத்திலேயே அதுதான் முதலாவது. அதை வாங்கிய ஜெயந்தினி யாரையும் தொடவிடாமல், தானே முன்னால் நின்று உள்ளே கொண்டுபோக வைத்தாள்.

கல்யாணமாகி வந்த புதிதில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவளுக்குத் தண்ணீர் என்றால் இடுப்பில் தூக்கிவரும் குடம்தான். குளிப்பதும் துவைப்பதும் மலைத் தண்ணீர் வந்து கொட்டும் பீலியடியில். பனிக்காலத்தில் கல்லில் துணி அடித்து அடித்து விரல் மொளியெல்லாம் வெடித்து இரத்தம் கசியும். பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அங்கே யார் யாருடைய துணியையோ துவைத்த வருடங்களில், தன் துணிக்கு ஒரு மெஷின் வாங்குவேன் என்று வைராக்கியம் வைத்துக்கொண்டாள். கூடவே திறந்த குழாயை மூடாத பழக்கமும் ஒட்டிக்கொண்டது.

திரும்பி வந்ததும் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பின்னால் குளியலறை கட்டினாள். பிரிட்ஜ் வந்தது. அவளைப் பார்த்து மற்றவர்களும் மலை ஊற்றிலிருந்து ஆளுக்கொரு குழாய் இழுத்தார்கள். புருஷன் சதீஸ்குமார் மலை மேலே, ஊற்றுக்குப் பக்கத்துக் காட்டை வெட்டி லீக்ஸ் என்கிற மரக்கறி போட்டு, வெலிமடைச் சந்தைக்கு ஏற்றி அனுப்பினான். அந்த வரும்படியில்தான் மெஷினும் வந்தது. முன்பு ஒரு வாரத்துக்குப் போதுமான தண்ணீர் இப்போது ஒரே நாளில் ஓடிப்போகிறது என்று அவள் நினைத்தும் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து நான்கில் மழை ஏமாற்றியது. மேல் லயத்துக் குழாய் நூல்போலக் கசிந்தது. கீழ் லயத்துக்கு அதுவும் இல்லை. கீழ் லயத்துக் கடைசிக் காம்பராவில் இருந்த ரெங்கம்மா, பேறுகாலத்துக்கு வந்திருந்த மகளுக்காகப் பள்ளத்து ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தாள்.

கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். தோட்டத் தலைவர் அழகர் சுற்றி வளைக்கவில்லை. மெஷினால்தான் இவ்வளவு பிரச்சினையும், அதை விற்றுவிட வேண்டும் என்றார். ஆண்கள் தலையாட்டினார்கள். ஜெயந்தினி எழுந்தாள்.

"விக்க மாட்டேன் தலைவரே. மறுபடி கல்லுல அடிச்சு இந்தக் கைய வெடிக்க விட மாட்டேன். இங்க உக்காந்திருக்கிற ஆம்பளைங்க ஒருத்தராவது ஒரு நாள் பீலியில துணி அடிச்சிருக்கீங்களா?"

ரெங்கம்மா மட்டும் கோபப்படாமல் சொன்னாள்: "மெஷின வச்சுக்க பிள்ள. எங்களுக்குத் தண்ணி எங்க போகுதுன்னு மட்டும் சொல்லு."

அந்தக் கேள்வி ஜெயந்தினியைக் குத்தியது. மறுநாள் வேலை முடிந்ததும் ரெங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு மலை ஏறினாள். ஊற்றைச் சுற்றி நிழலாக நின்ற மரங்களில் ஒன்றுகூட இல்லை. கரை வரைக்கும் லீக்ஸ். ஊற்றுக்கண்ணுக்குள்ளேயே தண்ணீர் மோட்டரின் குழாய் கிடந்து, கலங்கிய மிச்சத்தையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. மோட்டர் தன் வீட்டு மோட்டர். அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. ஏறி வந்து பார்க்காமல் இருந்தாள், அவ்வளவுதான்.

மோட்டரை நிறுத்தினாள். குழாயை இழுத்து வெளியே எறிந்தாள். அப்புறம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஊற்றோரத்து லீக்ஸை வேரோடு பிடுங்கத் தொடங்கினாள். ரெங்கம்மாவும் குனிந்தாள்.

சதீஸ்குமார் ஓடி வந்தான். "பைத்தியமாடி உனக்கு? இத வச்சுத்தான உனக்கு மெஷின் வந்துச்சு?"

"ஆமா. அதனாலதான் நானே பிடுங்குறேன்."

"அப்ப மெஷினையும் வித்துரு."

"அதையும் விக்க மாட்டேன், ஊத்தையும் விட மாட்டேன். நீங்க கீழ சரிவுல போடுங்க. இங்க இனி ஒரு மம்மட்டி இறங்கக் கூடாது."

இரண்டும் சேர்ந்து நடக்காது என்றான் அவன். நடக்குதா இல்லையா என்று பார்ப்போம் என்றாள் அவள். அந்த மாதம் முழுக்க அவன் அவளோடு பேசவில்லை. அவளும் போய்க் கெஞ்சவில்லை.

ஆனால் மெஷினை அவள் இஷ்டத்துக்கு ஓட்டவுமில்லை. தகரக் கூரையில் பீலி கட்டி மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்தாள். பீப்பாய் நிறைந்தால் மெஷின் ஓடும், காய்ந்தால் அழுக்குத் துணி காத்திருக்கும். துவைத்த தண்ணீர் கக்கூசுக்குப் போனது. குளியலறையில் மறுபடி வாளி வந்தது. கடைசியில் பணிந்துவிட்டாயே என்று அழகர் சிரித்தபோது, "உங்களுக்குப் பணியல தலைவரே. இது நானே போட்டுக்கிட்ட கட்டு" என்று முகத்துக்கு நேரே சொன்னாள்.

ஊற்றோரத்தில் பெண்கள் காட்டுக் கன்றுகளை நட்டார்கள். பாதி பட்டுப்போனது, திரும்ப நட்டார்கள். மூன்று வருடம் கழித்து வந்த வறட்சியில் தண்ணீர் மெலிந்ததுதான். ஆனாலும் கீழ் லயத்துக் கடைசிக் காம்பரா வரைக்கும் வந்தது. ரெங்கம்மாவின் பேத்தி அந்தக் குழாயடியில் சட்டையை நனைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த வருடமே எவனோ ஊற்றுக்கு மேலே மறுபடி காடு வெட்டுகிறான் என்று சேதி வந்தது. சதீஸ்குமார்தான் வந்து சொன்னான். ஜெயந்தினி கொழுந்துக் கூடையை வாசலிலேயே இறக்கிவிட்டு, கீழ் லயத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.