மூத்தவள் பெயர்

பேரனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே கைப்பேசியைத் தட்டிவிட்டு, "பேரு பதிஞ்சாச்சு தாத்தா" என்றான். தொக்சம் கிழவருக்குச் சிரிப்புதான் வந்தது. பெற்றவளுக்கு வழக்கப்படி வந்த கடற்பாசி சூப்பே இன்னும் ஆறவில்லை, அதற்குள் குழந்தை பதிவேட்டில் ஏறிவிட்டது! அவர் காலத்தில் ஒரு பெயரைப் பதிய ஒரு மலையையே தாண்ட வேண்டும். அந்தப் பாதை நினைவுக்கு வந்தது, பக்கத்தில் மூச்சு வாங்க நடந்த மனைவி ஒக்பூனும்தான். அவள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன.

அவருடைய மலையூரில் அப்போதெல்லாம் குழந்தை பிறந்ததும் யாரும் அலுவலகத்துக்கு ஓட மாட்டார்கள். முதலில் பிழைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஒரு வருஷம் விட்டுவைப்பார்கள். தொக்சமுக்கு அந்தப் பொறுமை இல்லை. தலைச்சன் பெண் யொன்சில் பிறந்த அடுத்த சந்தையன்றே மலை தாண்டிச் சந்தையூர் அலுவலகத்துக்கு ஓடிப்போய்ப் பதிந்துவிட்டு வந்தார். ஊரே கைகொட்டிச் சிரித்தது. அந்தக் குளிர்காலத்தைக் குழந்தை தாண்டவில்லை. அவரே துணியில் சுற்றி எடுத்துப்போய் மலையில் புதைத்தார். பச்சைக் குழந்தைக்கு மண்மேடும் கிடையாது, படையலும் கிடையாது. பெயரைச் சொல்லி அழக்கூடாது என்பார்கள். இறப்பைப் பதிய மட்டும் அவர் போகவே இல்லை.

இரண்டாவது பெண் பிறந்தபோது ஊர்த்தலைவர் ப்யோ வந்தார். ஊரார் வீட்டுப் பதிவையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகிற மனிதர். வழியில் அரிசிக் கள்ளுக்கடை இருந்ததால் ஊரில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி தப்பு.

"எதுக்கு தம்பி அலைச்சல்? மூத்தது பேரு அங்க உசுரோடதானே இருக்கு. அதையே இதுக்கு வச்சுரு. சாவப் பதியாததுக்கு அபராதமும் மிச்சம், பள்ளிக்கூடத்துக்கும் சீக்கிரமாப் போயிரும். ஊர்ல செய்யாததா?"

கதவுக்குப் பின்னாலிருந்து ஒக்பூன் குரல் வந்தது. "ஏன் தலைவரே, உங்க அண்ணன் செத்தப்ப அவர் பேர நீங்க எடுத்து வச்சுக்கிட்டீங்களா? அவ வேற, இவ வேற. இவளுக்குத் தனியாப் பேரு வேணும்."

"பெத்த உடம்புக்கு இந்த வாய் ஆகாது தாயீ!" என்று தலைவர் நழுவினார்.

தொக்சமே போனார். எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி, புதுக் குழந்தையின் பெயரை எழுதினார். "குன்நான்... ரெண்டாவது பொண்ணா? மூத்தது நல்லாருக்கா?"

"நல்லாருக்கா" என்றார் தொக்சம். செத்துவிட்டாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வீட்டிலும் அதைச் சொல்லவில்லை. மூத்தவள் பெயரை அன்றே அடித்தாயிற்று என்றே ஒக்பூன் நம்பியிருந்தாள்.

வருஷங்கள் ஓடின. ஒரு பனிக்காலக் கடைசியில் தலைவர் பள்ளிக்கூட அழைப்புத் தாளோடு வந்து நின்றார். யொன்சிலுக்குச் சேரும் வயது வந்துவிட்டதாம்.

"செத்த புள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம்டா? போய் இறப்பப் பதிஞ்சுட்டு வா. இல்லாட்டி புள்ளையக் காணோம்னு வாத்தியார் வீடு தேடி வந்துருவாரு."

தொக்சம் தலையைக் குனிந்து ஏச்சுக்குக் காத்திருந்தார். ஒக்பூன் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்தன வருசமா அவ அங்க உசுரோடயா இருந்தா?"

"என் வாயால சொல்ல முடியல ஒக்பூன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேங்க. சந்தைக்குப் போறப்பல்லாம் அந்த ஆபீஸ் வாசல எட்டிப் பாத்துட்டாவது வந்திருப்பேன்."

அடுத்த சந்தைக்கு இருவருமாக மலை ஏறினார்கள். உச்சியில் உட்கார்ந்து, அவித்த உருளைக்கிழங்கை உரித்து அவருக்குப் பாதி கொடுத்தாள். "அன்னைக்கு நீங்க ஓடுன ஓட்டத்தப் பாத்து ஊரே சிரிச்சுச்சு. எனக்குப் பெருமையா இருந்துச்சு" என்றாள். யொன்சிலுக்கு எந்தக் கன்னத்தில் குழி விழும் என்பதில் இருவருக்கும் சண்டை வந்தது. துக்கத்துக்குப் போன நடைதான். ஆனாலும் தன் வாழ்நாளில் ஒரு நாளைத் திருப்பித் தருவதாக யாராவது சொன்னால், கிழவர் அந்த நாளைத்தான் கேட்பார்.

அலுவலகத்தில் எழுத்தர் சிவப்பு மையில் பேனாவைத் தொட்டார். தொக்சம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடிச்சா பேரு மறைஞ்சு போயிருமா சார்?" என்று கேட்டாள் ஒக்பூன்.

"கோடுதாம்மா போடுவேன். எழுத்து தெரியும்."

"அப்ப அதுக்கு முன்னால ஒருதரம் சத்தமாக் கூப்பிடுங்க. அவ போனப்புறம் வீட்ல யாரும் கூப்பிட்டதில்ல."

எழுத்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வகுப்பில் வாத்தியார் கூப்பிடுவதுபோல, குடும்பப் பெயரும் சேர்த்து, "பெக் யொன்சில்!" என்றார்.

"வந்திருக்கா சார்" என்று குரல் கொடுத்தாள் ஒக்பூன். கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்பப் போடுங்க" என்றாள்.