ஈசானி மூலை மண்

‘களர் நிலம். பயிருக்கு உகந்ததல்ல.’ மண் பரிசோதனையில் வந்த இந்த ஒரு வரிக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாமனார் மாரிசாமி ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. போச்சம்பள்ளிக் கம்பெனி பஸ்கள் நிறுத்த இடம் தேடும் புரோக்கர் முனிவேல் வெள்ளிக்கிழமை வருகிறான். ரெண்டு ஏக்கரும் குத்தகைக்குப் போகும். ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டினால் மண் போனது போனதுதான். மருமகள் சுமலதாவோ ஏழு வருஷம் கம்பெனியில் ஷிப்டு பார்த்துவிட்டு, இனி ராகியும் அவரையும் போட்டுப் பிழைக்கலாம் என்றிருந்தவள். மண்ணைச் சோதிக்கச் சொன்னதும் அவளேதான். யாரை நொந்துகொள்வது?

புதன்கிழமை ஷிப்டு முடிந்ததும் நேராக மண் பரிசோதனை நிலையத்தில் போய் நின்றாள். அங்கிருந்த பொற்கொடி மேடம் பதிவேட்டில் அந்த முடிவைப் பார்த்துவிட்டு, “மண்ண எங்க எடுத்தீங்க?” என்றார்.

“மாமா எடுத்தாருங்க. ஈசானி மூலையில.”

குளித்து, விபூதி பூசி, பயபக்தியோடு எடுத்தார் மனுஷன். வீடு கட்டினாலும் கிணறு வெட்டினாலும் முதல் மண் வடகிழக்கு மூலையில்தான். இதற்கு மட்டும் மாற்றிவிடுவாரா?

“அந்த மூலையில என்ன இருக்கு?”

“எங்க முனியப்பன் இருக்காருங்க. பங்காளிங்க எல்லாம் அங்கதான் பொங்கல் வெப்போம். சாம்பல வெளிய கொட்டக் கூடாதுன்னு அங்கயே பரப்பி...” சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. மூணு தலைமுறைச் சாம்பல்! அந்தக் காரம் களர் காட்டாமல் என்ன காட்டும்?

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு கிளம்பினாள்.

“சாமி மூலை மண்ணு பொய் சொல்லுமாம்மா?” என்றார் மாரிசாமி.

“பொய் இல்லீங்க மாமா. அது சாமி எடத்தச் சொல்லுச்சு. வெள்ளாம வெக்கிற எடத்த நாம கேக்கவே இல்லையே.”

மேடம் சொல்லிக் கொடுத்தபடி வரப்பை விட்டு, மர நிழலை விட்டு, வளைந்து வளைந்து பத்து இடத்தில் சாண் ஆழத்துக்கு வெட்டினாள். கை கொப்பளித்தது. நிறுத்தவில்லை. முறைத்துக்கொண்டு நின்ற கிழவர் ஏழாவது குழியில் தானே சாக்கை விரித்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி, கடைசியில் நின்ற அரைக் கிலோவை அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். பதில் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

முனிவேல் சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்தான். “பத்து நாள் எல்லாம் கம்பெனி காத்திருக்காதுங்க. வேற எடம் பாத்துருவாங்க.”

பேச வேண்டியவர் மாமனார். அவர் மருமகளின் உள்ளங்கையைப் பார்த்தார். கொப்பளம் உடைந்து சிவந்திருந்தது.

“பாத்துக்கட்டும்,” என்றார்.

பதினோராம் நாள் காகிதம் வந்தது. ராகிக்கும் அவரைக்கும் ஏற்ற மண், தொழுவுரம் மட்டும் கூடுதலாக இட வேண்டும் என்று இருந்தது. மாரிசாமி அதை எடுத்துக்கொண்டு முதலில் முனியப்பனிடம்தான் போனார்.

“உன் மேல தப்பில்ல சாமி. ஆள் மாத்திக் கேட்டது நாந்தான்.”

அன்று சாயங்காலமே சுமலதா வேலையை விடுவதாகக் கம்பெனியில் எழுதிக் கொடுத்தாள்.