அனுப்பத் தோதான ஆள்

மேலிடத்திலிருந்து பயிற்சி என்று கடிதம் வந்தால், எந்த ஆள் இல்லாவிட்டாலும் வேலை ஓடுமோ அந்த ஆளைத்தான் எங்கள் நகராட்சியில் அனுப்புவார்கள். என்னை விட்டால் வேறு ஆள் ஏது? தபால் பிரிவில் முப்பது வருடமாக முத்திரை குத்துகிறவன் நான். பேரிடர், கணினி, குப்பை மேலாண்மை என்று பதினாலு பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறேன். ஒரு மண்ணும் தெரியாது.

இந்தத் தடவை குளோரின் வாயுவைக் கையாளும் பயிற்சி, ஐந்து நாள். குடிநீர் நிலையத்தில் அப்போதுதான் வாயு உருளைகளை இறக்கியிருந்தார்கள். அங்கே ஆபரேட்டர் என் மனைவியின் தம்பி. அதுவரை பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியவன், உருளைகளைப் பார்த்த அன்றே என்னைத் தேடி வந்தான்.

"மாமா, இந்த ஒரு தடவை என்னை அனுப்பச் சொல்லுங்க. பயமா இருக்கு."

ஆணையரிடம் போய் நின்றேன். "அவன் போய்ட்டா ஊருக்குத் தண்ணி நீங்களா விடுவீங்க? பேசாம போய் நல்லா சாப்பிட்டு வாங்க" என்றார். நான் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஏசி அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் கண்ணில் தெரிந்தன. பல்லை இளித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பயிற்சியாளர் சொன்னார்: "தீப்புகைன்னா குனிஞ்சு வெளிய வரணும். குளோரின் காத்தைவிடக் கனம், தரையிலதான் தேங்கும். குனிஞ்சா உயிர் போயிடும். உயரத்துக்கு ஏறணும்." என் வாழ்க்கையிலேயே ஒரு பயிற்சியில் எனக்குப் புரிந்த முதல் விஷயம் அது. மறுநாள் காலையில் போன் வந்தது.

உருளையின் வால்வு கசிந்திருக்கிறது. போன வருடத் தீயணைப்பு ஒத்திகையில் பார்த்தபடி, மச்சான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தரையோடு தரையாகத் தவழ்ந்திருக்கிறான். கதவுக்கு நாலடி முன்னால் கிடந்தானாம். மேல்தொட்டிக்கு ஏறும் படிக்கட்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள், அவன் மனைவி என்னிடம் கேட்டாள்: "அண்ணா, பயிற்சில என்ன சொல்லிக்கொடுத்தாங்க? அவர் போயிருந்தா பொழைச்சிருப்பாரா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சும்மா சாப்பாடு போட்டு அனுப்புவாங்க."

அவள் முகம் கொஞ்சம் ஆறியது. அந்த நேரம் பார்த்து ஆணையர் துக்கம் கேட்க வந்தார். அவளிடம் நாலு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளையிலேருந்து நிலையத்தை நீங்க பாத்துக்குங்க. குளோரின் கசிஞ்சா எப்படித் தப்பிக்கணும்னு நம்ம ஆபீஸ்ல தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்."

அவர் கிளம்பிப் போனார். பிறகு அவள் கேட்டாள்.

"எப்படித் தப்பிக்கணும் அண்ணா?"