ஸ்ரௌவ்வில் போகிற வழியில் மூன்று வீடுகள்

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்த தமிழ்ச் சனம் எதிலும் ஒத்துப்போகிற சனம் இல்லை. ஆனால் 1987ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கருத்தில் இருந்தார்கள். நான்காம் மாடிச் சண்முகலிங்கத்துக்கு ஏதோ நடந்துவிட்டது. கார் வாங்கவேண்டிய வயதில் பெடியன் சைக்கிள் வாங்கியிருந்தான். அதுவும் கரியர் இல்லாத, மட்காட் இல்லாத, கைபிடி ஆட்டுக்கடாக் கொம்புபோலக் கீழே வளைந்த சைக்கிள்.

"உதில ஒரு தேங்காய்கூடக் கொண்டு வரேலாதே தம்பி," என்றார் பக்கத்து வீட்டு இராஜேஸ்வரி அன்ரி. கேட்டது லிப்டுக்குள் வைத்து. அன்ரி விசாரணைகளை லிப்டுக்குள்தான் நடத்துவார். இடையில் ஒருவரும் இறங்கி ஓட முடியாது.

"தேங்காய்க்கு இல்லை அன்ரி. சும்மா ஓடத்தான்."

"சும்மாவோ?"

பிழை முழுக்கப் போர்மன் மக்நீலுடையது. சண்முகலிங்கம் வேலைசெய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவர்தான் பெரியவர், ஸ்கொட்லாந்துக்காரர். அவர் பிறந்த சின்ன நகரத்தில் ஞாயிறு வந்தால் சனம் சைக்கிளில் ஏறி, சுற்றுவட்டாரத்து வயல், பூங்கா, ஆற்றங்கரை எல்லாம் பார்த்துவிட்டு வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வருமாம். அதை ரொறன்ரோவிலும் நடத்திக் காட்டாமல் அவருக்குச் சமிபாடு ஆகவில்லை. வரைபடத்தில் சிவப்புப் பேனையால் ஒரு வழி கீறிச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினார். ஓடைக்கரைப் பாதை, மில்லிக்கன் பூங்கா, அதற்கு வடக்கே சோளத் தோட்டங்கள், ஸ்ரௌவ்வில் என்ற ஊரின் குளக்கரையில் மதியச் சாப்பாடு, பிறகு வீடு.

"வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வாறதெண்டால் ஏன் வெளிக்கிடுவான்?" என்று அன்ரி கேட்டார். நியாயமான கேள்வி. சண்முகலிங்கத்திடம் பதில் இருந்தது, சொல்லக்கூடிய பதில் அல்ல. பொதி கட்டும் பகுதியில் வேலைசெய்த ஜெயமலரும் அந்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

ஜெயமலரைப் பெண் பார்க்க அந்த ஞாயிறு பின்னேரம் மிசிசாகாவிலிருந்து ஒரு கணக்காளர் வருவதாக இருந்தது. சொந்தக் கார், அதற்குள் கசெற் பிளேயர். சண்முகலிங்கமோ ஒரு வருடமாக அவளிடம் "டேப் முடிஞ்சுதோ" என்பதற்கு மேல் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்காவிட்டால் பிறகு கலியாணச் சாப்பாட்டில்தான் கேட்கலாம், இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ என்று. ஓடைக்கரைப் பாதையில் ஒரு மரப்பாலம் இருந்தது. அந்தப் பாலத்தில் வைத்துக் கேட்பது என்று முடிவெடுத்தான். தமிழ்ச் சனம் கால் வைக்காத இடம். பார்க்க அணில்கள்தான் இருக்கும்.

ஞாயிறு காலை சைக்கிளோடு லிப்டால் இறங்கினால், கீழே அன்ரி பைகளோடு நின்றார்.

"வடக்குப் பக்கம்தானே போறீர். தெய்வநாயகிக்கு இந்த மிளகாய்த்தூளை ஒருக்காக் குடுத்துவிடும். தங்கத்துரையற்றை கசெற் ரெண்டு கிடக்கு, படம் பாத்து முடிஞ்சுது. கோணேஸ்வரியின்ரை புட்டுப்பானையும் கனநாளா என்னட்டைத்தான்."

"அன்ரி, இது சைக்கிள் ஓட்டம். நாலைஞ்சு வெள்ளைக்காரரும் வருகினம்."

"அவையளும் வரட்டன். ஆர் வேண்டாமெண்டது."

புட்டுப்பானையைக் கைபிடியில் கட்டிக்கொண்டு வந்தவனை மக்நீல் நெடுநேரம் பார்த்தார். அவசரக் கருவியாக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். ஜெயமலர் பழைய சைக்கிள் ஒன்றில், நீலக் காற்சட்டையும் வெள்ளைச் சப்பாத்துமாக நின்றாள். பானையைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

சிவப்பு வழி கிழக்கே திரும்பிப் பூங்காவுக்குள் இறங்கியது. பானை வழியோ நேரே தெருவால் போனது.

"நீர் அவையளோட போம். நான் தெய்வநாயகி அக்கா ஆக்களுக்கு இதுகளைக் குடுத்திட்டு ஓடி வந்து பிடிக்கிறன்," என்றான் சண்முகலிங்கம்.

"தெய்வநாயகி அக்கா எனக்கும் சொந்தம். வாசலால போயிட்டு உள்ளை போகாட்டில் பிறகு ஒரு வருசத்துக்கு அதுதான் கதை," என்று அவளும் திரும்பினாள்.

மக்நீலின் குழு மரங்களுக்குள் மறைந்தது. கூடவே அந்தப் பாலமும் போய்விட்டது.

தெய்வநாயகி அக்கா கதவைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிய ஒரு பெடியனும் ஒரு பெட்டையும் சேர்ந்து வாசலில் நிற்கிறார்கள். இருவர் முகத்திலும் சிவப்பு. அது ஏற்றத்தில் மிதித்த சிவப்பு என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஆட்களில் இரண்டு பேர் சோடியாக வீடு வீடாகப் போனால் அதற்கு ஒரே ஒரு கருமம்தான் உண்டு.

"ஐயோ, கலியாணம் சொல்ல வந்தனீங்களே. உள்ளை வாங்கோ. எப்ப நாள்?"

"என்ன நாள் அக்கா?" என்றான் சண்முகலிங்கம்.

"கூச்சப்படுறார் பாருங்கோ," என்றபடி அக்கா தேத்தண்ணி போட ஓடினார்.

மிளகாய்த்தூளை நீட்டினான். இது சைக்கிள் ஓட்டம், ஸ்கொட்லாந்து, குளம் என்றெல்லாம் சொன்னான். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பல்லி முட்டாசு இனிப்பும் வாழைப்பழமும் தின்னவைத்து, சைக்கிளை வாசலில் பிடித்து ஏற்றிவிட்டுத்தான் விட்டார். அவர்கள் தெருமுனை திரும்புமுன் அக்கா டெலிபோனைச் சுற்றத் தொடங்கியிருந்தார். வேறு என்னதான் செய்வார் மனுசி. இப்படி ஒரு செய்தியை வைத்துக்கொண்டு எப்படிச் சமைப்பது?

தங்கத்துரை அங்கிள் வேட்டி சால்வையோடு வீட்டுக்கு வெளியில் காத்து நின்றார்.

"மண்டபம் எடுத்தாச்சோ?" என்பதுதான் முதல் கேள்வி. "போன மாசம் ஒரு கலியாணத்துக்குப் போனன். கார் விட இடமில்லை, சாப்பாட்டுக்கு லைன். நீர் வடிவா விசாரிச்சு எடும்."

"அங்கிள், நாங்கள் கசெற் தரத்தான் வந்தனாங்கள்."

"அதுவும் நல்லதுதான்," என்று அங்கிள் கசெற்றுகளை வாங்கி வைத்துவிட்டு, வீடியோ எடுக்கத் தன் மருமகனைத்தான் பிடிக்கவேண்டும் என்று பேசிக்கொண்டே போனார்.

சண்முகலிங்கம் ஜெயமலரைப் பார்த்தான். அவளாவது மறுப்பாள் என்று எதிர்பார்த்தான். வாய் திறந்து இல்லை என்று ஒரு சொல் சொன்னால் அங்கிள் நம்பியிருப்பார். அவள் பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். இது கோபமா, களைப்பா, வேறு ஏதாவதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவது வீடு மட்டக்களப்புக் கோணேஸ்வரி அக்காவுடையது. ஸ்காபரோ முடிந்து வெளி தொடங்குகிற இடம். அங்கே ஆலாத்தித் தட்டே தயாராக இருந்தது. இருவரையும் சைக்கிளில் இருந்தபடியே நிறுத்தி, தட்டைச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, போதாதென்று சைக்கிள்களின் விளக்குக்கும் பொட்டு வைத்தார். பக்கத்து வீட்டில் புல்லு வெட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வேலிக்கு வந்தார்.

"என்னகா புள்ள, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம மறைச்சு வெச்சிருக்கீங்க," என்று அக்கா ஜெயமலரின் கன்னத்தைக் கிள்ளினார். "வாங்க உள்ளுக்கு. உங்கட அண்ணன் போன்ல நிக்காரு."

சண்முகலிங்கம் சைக்கிளைத் தெருப்பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போனான். ஜெயமலரின் தமையன் இரத்தினவேல் அதிகம் பேசாத ஆள். பேசாத ஆட்களின் கோபத்துக்குத்தான் அளவு தெரியாது.

ஜெயமலர் டெலிபோனைக் காதில் வைத்தாள். "ஓம் அண்ணை." நெடுநேரம் கேட்டாள். "ஓம். ஓம் அண்ணை. சரி." வைத்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. வெளியில் வந்து புட்டுப்பானையை அவிழ்த்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, "வெளிக்கிடுவமோ?" என்றாள்.

பிறகு தெரு ஒடுங்கி, இரண்டு பக்கமும் சோளம் நின்றது. வெயில், பசளை மணம், எங்கோ ஒரு டிராக்டர். அவன் கேட்க வாய் திறக்கும் நேரமெல்லாம் ஒரு ஏற்றம் வந்தது. ஏற்றத்தில் மூச்சு விடலாம், அல்லது கலியாணம் கேட்கலாம், இரண்டும் முடியாது. எதிரே மக்நீலின் குழு சாப்பிட்டு முடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தது. இரண்டு நெற்றியிலும் பொட்டைக் கண்ட மக்நீல் விழுந்துவிட்டீர்களா, இரத்தமா என்று பதறினார். இல்லை, தேத்தண்ணி குடித்தோம் என்றாள் ஜெயமலர்.

குளக்கரையில் வாத்துகளைத் தவிர ஆட்கள் இல்லை. இருவரும் புல்லில் இருந்தார்கள்.

"அண்ணை என்ன சொன்னவர்?" என்று கேட்டான்.

"மிசிசாகா ஆக்களுக்கும் ஆரோ சொல்லிப்போட்டினமாம். அவை வரேல்லையாம்."

"கோவமோ?"

"கோவம்தான். ஊர் முழுக்கச் சைக்கிளில போய்ச் சொல்லுறியள், சொந்தத் தமையனுக்கு மட்டும் கடைசியோ எண்டு கேக்கிறார்."

சண்முகலிங்கம் ஒரு வாத்தைப் பார்த்தபடி, "நான் இண்டைக்கு அந்தப் பாலத்தில வைச்சு உம்மட்டைக் கேக்கத்தான் இருந்தனான்," என்றான். "நான் கேக்க முந்தி அவையள் நாள் கேட்டிட்டினம். உமக்கு விருப்பமில்லையெண்டால் சொல்லும். நானே போய் எல்லாருக்கும் இல்லையெண்டு சொல்லிவிடுறன்."

"எல்லா வீட்டுக்கும்?"

"எல்லா வீட்டுக்கும்."

"ஒவ்வொரு வீட்டிலையும் தேத்தண்ணி தருவினம்."

"தருவினம்தான்."

"பல்லி முட்டாசும்." அவள் சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். "எனக்கு இப்பவே வயித்துக்கை குளம். நீங்கள் கேளுங்கோ, நான் ஓமெண்டு சொல்லுறன். அதுதான் லேசு."

அவன் கேட்டான். அவள் ஓம் என்றாள். ஒரு வாத்து வந்து அவன் சாண்ட்விச்சைத் தூக்கிக்கொண்டு போனது. இருவருமே கவனிக்கவில்லை.

திரும்பும்போது, இனி ஒரு வீட்டு வாசலையும் கடக்க ஏலாது என்று சொல்லி, மக்நீலின் சிவப்பு வழியால் பூங்காவுக்குள் இறங்கினார்கள். அங்கே ஏற்றம் குறைவு. கதையும் நன்றாக வந்தது. நேரே இரத்தினவேல் வீட்டு வாசலில்தான் வெளியே வந்தார்கள்.

இதற்குள் இராஜேஸ்வரி அன்ரி பல்கனியில் கதிரை போட்டு, இருட்டும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெய்வநாயகி அக்கா வீட்டில் இரண்டாம் தரம் தேத்தண்ணி ஊற்றி ஆறிப்போனது. தங்கத்துரை அங்கிள் சால்வையைக் கழற்றவே இல்லை. இத்தனை பேர் பாடுபட்டு ஒரு கலியாணத்தைச் செய்துவைக்க, அந்தச் சோடி ஒருவர் கண்ணிலும் படாமல் காட்டுக்குள்ளால் போய்ச் சேர்ந்ததை அன்ரி இன்றுவரை மன்னிக்கவில்லை.